குளியல் தொட்டியின் மறுமுனை

நோவாட்னி நகரத்தில் ஒரு பொருள் எந்தக் கணத்தில் குப்பையாகிறதோ, அந்தக் கணத்திலிருந்து அது உங்களுடையது இல்லை. நேற்றுவரை நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியாகவே இருக்கட்டும். அதன் கால் உடைந்து தரையில் விழுவதற்குள் உரிமையாளர் மாறிவிடுகிறார். ஊரின் கழிவு முழுவதையும் பதினைந்து வருடத்துக்கு ஒரே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டது நகர மன்றம். ஒப்பந்தத்தில் அந்தக் கம்பெனிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊரில் எல்லோரும் ‘அந்த ஒண்ணு’ என்பார்கள். மேல்நிலைப் பள்ளிக் கால்பந்து மைதானத்துக்குப் புள்ளி காட்டும் மின்பலகை வாங்கிக் கொடுத்ததும் அந்த ஒண்ணுதான். டெக்சஸில் கால்பந்து மைதானத்துக்குப் பலகை வாங்கிக் கொடுத்தவரை எதிர்த்து யாரும் வாய் திறப்பதில்லை.

லாடிஸ் ஹ்ரூஷ்காவும் திறந்ததில்லை. முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் அவர். வயது எழுபத்து நான்கு. வலது தோள் பாதி உயரத்துக்கு மேல் எழாது. ஜனவரியில் அவர் மனைவி விளாஸ்டா தன் வீட்டுக் குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டும்போது வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். கல்யாணமான வருடம் இரண்டு பேர் முக்கி முனகித் தூக்கிவந்து வைத்த வார்ப்பிரும்புத் தொட்டி அது. இடுப்பு ஓரளவு கூடிவிட்டது. ஆனால் அதைச் சரிசெய்யப் போன இடத்தில் இதயம் தளர்ந்திருப்பது தெரியவந்தது. நெடுஞ்சாலை ஓரத்துப் பராமரிப்பு இல்லத்தில் அவளைச் சேர்த்தார்கள். கோடையைப் பார்ப்பாள், அதற்கு மேல் சொல்வதற்கில்லை என்று டாக்டர் லாடிஸை மட்டும் தனியே அழைத்துச் சொன்னார். விளாஸ்டா அதை லாடிஸின் முகத்திலேயே படித்துக்கொண்டாள்.

“இங்க செவ்வாய், வெள்ளி குளிப்பாட்டுறாங்க லாடி,” என்றாள். “நாற்காலியில உக்கார வச்சு, குழாயைத் திருப்பி, கார் கழுவுற மாதிரி. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. என் சோப்பு, என் துண்டு, என் ஜன்னல். ஒரே ஒரு குளியல். அப்புறம் கடவுள் கூப்பிட்டா நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

“கூட்டிட்டுப் போறேன்.”

“எப்போ?”

“தொட்டியை எடுத்ததும்.”

இல்லத்துக்காரர்கள் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். குளியலறைக் கதவு மூன்றடி அகலம் இருக்க வேண்டும். தொட்டி போய், சக்கர நாற்காலி நேராக உள்ளே உருளும்படி தளம் வர வேண்டும். அது தயாரானால் அன்றைக்கே அனுப்பிவிடுவோம் என்றார்கள். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத்தான் இருந்தது.

நோவாட்னியில் நோய்வாய்ப்பட்ட வீட்டுக்குக் கூலிக்கு ஆள் பிடிக்கிற வழக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதாகோவில் வாசலில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த சனிக்கிழமை ஆண்கள் சுத்தியலோடும் ரம்பத்தோடும் வந்து நிற்பார்கள். பெண்கள் பழம் வைத்த கொலாச்சி ரொட்டியைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவருவார்கள். மதியத்துக்குள் இடித்து, இருட்டுவதற்குள் கட்டிவிடுவார்கள். இந்த ஊரின் பாதி வீடுகள் அப்படிச் சனிக்கிழமைகளில் எழுந்தவைதான். விளாஸ்டாவின் தம்பி அல்ஃபோன்ஸ் வார்த்தையைச் சொல்லிவிட்டு, இடிபாட்டை அள்ளிப்போட வியாழக்கிழமையே தன் பண்ணை டிரெய்லரைக் கொண்டுவந்து லாடிஸின் வாசலில் நிறுத்தினார்.

நாற்பது நிமிடத்தில் டிரெய்லரின் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர் நகர விதிமுறை அலுவலர் டெல்பர்ட் சிம்ஸ்.

“இது வெறும் டிரெய்லர்யா,” என்றார் அல்ஃபோன்ஸ். “நேத்து வரைக்கும் இதுல வைக்கோல் போச்சு.”

“வைக்கோலுக்கு இருக்கலாம் சார். ஆனா இப்போ இது நிக்கிற நிலையைப் பாருங்க. குளியலறையைப் பாத்து நிக்குது.”

“அதனால?”

“எதிர்பார்ப்போட நிக்கிற வண்டி, அனுமதியில்லாத கன்டெய்னர். பதினோராம் பிரிவு.” பிறகு அவர் தொப்பியைக் கழற்றி லாடிஸ் பக்கம் திரும்பினார். “மிஸஸ் ஹ்ரூஷ்கா எப்படி இருக்காங்க சார்? ஸ்கூல் சாப்பாட்டுக்கூடத்துல எனக்கு எப்பவும் ரெண்டாவது ரொட்டி வைப்பாங்க. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா வருத்தத்துக்கு என் படிவத்துல கட்டம் இல்ல.”

டெல்பர்ட் பொய் சொல்லவில்லை. லாடிஸ் பிற்பாடு அந்தப் படிவத்தை முழுவதும் படித்துப் பார்த்தார். கட்டம் இல்லைதான்.

நகர அலுவலக ஜன்னலில் இருந்த பெண் மிகவும் கனிவாகப் பேசினாள். கட்டடக் கழிவுக்கான கன்டெய்னரை அந்த ஒண்ணிடம் மட்டுமே வாடகைக்கு எடுக்கலாம். அதனிடம் இருப்பவை பதினொன்று. பதினொன்றும் ஊருக்கு வடக்கே எழும்பும் புதுக் குடியிருப்பில் நிற்கின்றன. ஆகவே, பதினோரு வாரம் காத்திருக்க வேண்டும். லாடிஸ் அந்த வரிசையில் பெயரைப் பதிந்துவைத்தார்.

“பக்கத்து ஊர்லேருந்து வரவழைச்சா?”

“அது கடத்தல் ஆயிடும் சார்.”

“கன்டெய்னர் இல்லாமலே இடிச்சா?”

“கன்டெய்னர் வந்து நிக்காம கழிவை உண்டாக்கக் கூடாது. ஆனா உங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கு.” அவள் ஒரு படிவத்தை நீட்டினாள். வீட்டுக்காரர் தன் கழிவைத் தானே அகற்றும் சலுகை. அதில் ஒரு கேள்வி: உதவுவோர் எத்தனை பேர்?

இங்கேதான் லாடிஸ் தவறு செய்தார். நோவாட்னியில் உதவ வருகிறவர்களின் பெயரை மறைப்பது நன்றிகெட்ட வேலை. அல்ஃபோன்ஸின் மனைவி சனிக்கிழமைச் சமையலுக்காக எழுதி வைத்திருந்த பட்டியல் அவர் சட்டைப் பையில் இருந்தது. பதினான்கு பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனை சாஸேஜ், உருளைக்கிழங்கு சாலட் வேண்டுமா வேண்டாமா என்ற குறிப்பு. அவர் பெருமையோடு அதையே படிவத்தில் குத்தி இணைத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

புதன்கிழமை பதில் வந்தது. ‘ஹ்ரூஷ்கா இடிப்பு நிறுவனம்’ என்று முகவரியிட்டிருந்தது. தாங்கள் பதினான்கு பணியாளர்களைப் பொருள்வடிவ ஊதியத்தில் (தலைக்கு இரண்டு சாஸேஜ்) அமர்த்தி, பிரத்தியேக ஒப்பந்தத்துக்குப் போட்டியாகத் தொழில் நடத்த முனைவது தெரியவருகிறது. உடனே நிறுத்தவும். எமில் கோசிக் என்பவருக்கு மட்டும் மூன்று சாஸேஜ் எனக் குறிக்கப்பட்டுள்ளதால், அவர் மேற்பார்வையாளர் எனக் கருதப்படுகிறார்.

எமில் கோசிக்குக்கு எண்பது வயது. வாழ்நாளில் அவர் யாரையும் மேற்பார்வை செய்ததில்லை. கடிதத்தைக் கேட்டு வாங்கித் தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டிக்கொண்டார்.

லாடிஸ் மறுபடி நகர அலுவலகத்துக்குப் போனார். சலுகை ரத்தாகவில்லை, சுருங்கிவிட்டது. வீட்டுக்காரர் தன் கையாலேயே உடைத்து, தன் கையாலேயே சுமந்து, தன் வண்டியிலேயே ஏற்ற வேண்டும். வேறு கை படக் கூடாது. அலுவலர் ஒருவர் கூடவே இருந்து பார்ப்பார்.

சனிக்கிழமை பதினான்கு பேரும் வந்துவிட்டார்கள். வராதீர்கள் என்று சொல்லியும் வந்தார்கள். அந்த வழக்கத்தை நிறுத்துவதற்கு இந்த ஊரில் யாருக்கும் வழி தெரியாது. சுத்தியல்களைக் கால்மாட்டில் வைத்துவிட்டு, பெக்கன் மரத்தடியில் மேசை போட்டு டோமினோ ஆடினார்கள். டெல்பர்ட் மடக்கு நாற்காலி ஒன்றைக் குளியலறை ஜன்னலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

லாடிஸ் உளியும் சுத்தியலுமாகச் சுவர் ஓடுகளைப் பெயர்த்தார். வலது தோள் ஒத்துழைக்காததால் இடது கையால் அடித்தார். ஒரு வாளி நிரம்பியதும் நடைவழியில் இழுத்துவந்து, படியில் ஒவ்வொன்றாக இறக்கி, தன் பழைய வண்டியில் கொட்டினார். இரண்டாவது வாளியில் மேசையில் பேச்சு நின்றது. நான்காவது வாளியில் டோமினோ ஆட்டமும் நின்றுபோனது. ஆறாவது வாளி படியில் சரிந்து ஓடுகள் சிதறின. பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

“யாரும் கிட்ட வராதீங்க,” என்றார் டெல்பர்ட். அவர் குரலே அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. “வந்தா அவரோட சலுகை போயிடும். அவருக்காகச் சொல்றேன்.”

அல்ஃபோன்ஸ் தொப்பியைத் தரையில் அடித்தார். “எழுவத்து நாலு வயசுக் கிழவன் குப்பை சுமக்க, பதினாலு ஆம்பளைங்க உக்காந்து வேடிக்கை பாக்கணும். இது எந்த ஊரு சட்டம்டா டெல்பர்ட்?”

“நம்ம ஊருதான் சார்.”

லாடிஸ் குனிந்து ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வலியினால் அல்ல. இத்தனை அன்பு முற்றத்தில் நின்றுகொண்டிருக்க, தன்னால் அதில் ஒரு பிடிகூட எடுத்துக்கொள்ள முடியவில்லையே என்றுதான்.

பிற்பகலில் தொட்டி மட்டும் மிச்சம். குழாய் இணைப்பைக் கழற்றியாயிற்று. லாடிஸ் ஒரு முனையைப் பிடித்து ஓரங்குலம் தூக்கினார். மறுமுனை தரையை விட்டு அசையவில்லை.

“டெல்பர்ட்,” என்றார் ஜன்னல் வழியாக. “இந்தத் தொட்டிக்கு ரெண்டு முனை இருக்கு.”

“தெரியுது சார்.”

“எனக்கு ஒரு உடம்புதான் இருக்கு.”

டெல்பர்ட் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “மறுமுனையைப் பிடிக்கிறவர் கழிவுல பாதியைச் சுமக்கிறார். அவருக்குச் சுமப்பு உரிமம் வேணும். உரிமம் அந்த ஒண்ணுக்கு மட்டும்தான்.”

“சம்மட்டியால உடைச்சுத் துண்டுதுண்டா எடுத்துக்கறேன்.”

“அது கழிவைச் சிறிதாக்குதல். அதுக்குத் தொழிற்சாலை அனுமதி வேணும்.”

அல்ஃபோன்ஸ் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். “அப்போ வெளியவே எடுக்கல. கூடத்துல கொண்டுபோய் வைக்கிறோம். வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். அத்தான் அதுல பூச்செடி வளப்பார்.”

டெல்பர்ட் மறுபடி புத்தகத்தைப் புரட்டினார். “தூக்கிப் போடுற எண்ணம் இல்லாம நகத்துனா தப்பில்ல. எண்ணம் இல்லன்னு நோட்டரி முன்னால எழுதிக் கொடுக்கணும். ஆனா குளியலறை வேலைக்கு வாங்குன அனுமதியில ‘தொட்டியை அகற்ற’ன்னு எழுதியிருக்கு. எண்ணம் இல்லன்னா அந்த அனுமதி செல்லாது.”

அன்று மாலை எல்லோரும் சாஸேஜைச் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார்கள். தொட்டி, ஓடு பெயர்ந்த சுவர்களுக்கு நடுவே, ஓரங்குலம் கோணலாக உட்கார்ந்திருந்தது.

ஏப்ரல் மாத நகர மன்றக் கூட்டத்தில் பேச லாடிஸ் பெயர் கொடுத்தார். குடிமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். அதிகாரிகளுக்குக் கடிகாரம் கிடையாது. மேயர் டார்லீன் ஓபர்ஹெல்லர் முதலில் பேசினார்.

“ஒரு காலத்துல நம்ம ஊர்ல ஆறு கம்பெனி கன்டெய்னர் வாடகைக்கு விட்டாங்க. கேட்ட அன்னைக்கே கொண்டுவந்து நிறுத்திடுவாங்க. அதுவும் குறைஞ்ச வாடகைக்கு. ஜனங்க என்ன செய்வாங்க பாவம்? எதை எடுக்கிறது, எதை விடுறதுன்னு தவிச்சாங்க. அந்தத் தவிப்பை நாங்க நிறுத்தினோம். தேர்ந்தெடுக்கிற பாரத்தை உங்க தோள்லேருந்து இறக்கி வச்சோம்!”

எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து அந்த ஒண்ணின் மேலாளர் எழுந்தார்.

“தாமதம்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு. எனக்கு மனசு வலிச்சுது. எங்ககிட்ட தாமதமே கிடையாது. பணக்காரர், ஏழை, நோயாளி, ஆரோக்கியமானவர், எல்லாருக்கும் பதினோரு வாரம். சாகப்போறவங்களுக்குன்னு தனி வரிசை வச்சா, நாளைக்கு எல்லாரும் சாகப்போறேன்னு வந்து நிப்பாங்க. அந்த ஊழலுக்கு நாங்க இடம் கொடுக்க மாட்டோம்.”

லாடிஸ் ஒலிவாங்கி முன் வந்தார். முதல் நிமிடத்தை எல்லோருக்கும் நன்றி சொல்லியே கழித்தார். அப்படித்தான் வளர்க்கப்பட்டவர் அவர்.

“நான் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினேன்,” என்றார். “பேண்டு வாசிக்கிற பிள்ளைங்க பெரிய பெரிய வாத்தியத்தைத் தூக்க முடியாம படிக்கட்டுல நிப்பாங்க. பின்னால வர்ற பிள்ளை மறுமுனையைப் பிடிக்கும். யாரும் சொல்லிக் கொடுக்கல. இந்த மேடையில உக்காந்திருக்கிற உங்கள்ல மூணு பேர் என் பஸ்ல வந்தவங்க. நீங்களும் பிடிச்சிருக்கீங்க, நான் கண்ணாடியில பாத்திருக்கேன். எங்க தொட்டியோட மறுமுனையைப் பிடிக்க ஒரே ஒரு ஆள் வேணும். அவ வீட்டுல குளிக்கணும்னு கேக்குறா. வேற எதுவும்—”

மணி அடித்தது. லாடிஸ் பாதியில் நிறுத்தி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

மன்றம் உருகிவிட்டது. ஓர் உறுப்பினர் கைக்குட்டையை எடுத்தார். அங்கேயே ‘விளாஸ்டா ஹ்ரூஷ்கா மறுமுனைத் திருத்தம்’ முன்மொழியப்பட்டு ஒருமனதாக நிறைவேறியது. கடும் நோயாளியின் வீட்டில் குளியல் தொட்டியொன்றை அகற்றும்போது, அதன் ஒரு முனையை மட்டும், உரிமையாளர் அல்லாத ஒருவர், ஊதியமும் உணவும் பெறாமல் பிடிக்கலாம். மேயர் லாடிஸின் தோளில் கைபோட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். வலிக்கிற தோள் அது. அடுத்த மாதம் இரண்டாம் வாசிப்பு. பிறகு பத்திரிகையில் இரண்டு வாரம் அறிவிப்பு. அதன்பின் முப்பது நாள் கழித்து அமல் என்று எழுத்தர் வாசித்தபோது எல்லோரும் எழுந்துவிட்டிருந்தார்கள்.

விளாஸ்டா கதையைக் கேட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, லாடிஸ் அவள் முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

“ஊர்ல சிலர் பேர்ல ரோடு, சிலர் பேர்ல பூங்கா. என் பேர்ல குப்பைச் சட்டத்துல ஒரு வரி,” என்றாள். “உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு நல்ல மரியாதை லாடி.”

“கன்டெய்னர் வந்துடும். இல்லன்னா சட்டம் வந்துடும். எது முதல்ல வந்தாலும்—”

“டெல்பர்ட் பையன் வெயில்லயா உக்காந்திருந்தான் அன்னைக்கு?”

“ஆமா.”

“தண்ணி கொடுத்தீங்களா?”

யாரும் கொடுக்கவில்லை.

“தப்பு,” என்றாள் விளாஸ்டா. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “ஓடெல்லாம் போச்சா? நீல ஓடும்?” என்று கேட்டாள்.

“நீல ஓட்டுல ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்.”

அதை அவர் மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். திருத்தம் அமலுக்கு வரப் பத்தொன்பது நாள் இருக்கும்போது அவள் இறந்துபோனாள். அன்று செவ்வாய்க்கிழமை. இல்லத்துக்காரர்கள் காலையில் அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை லாடிஸ் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, பெரிய லாரி ஒன்று பின்வாங்கி இருபதடி இரும்புக் கன்டெய்னரை இறக்கிக்கொண்டிருந்தது. அவர் வண்டி வெளியே வர முடியாதபடி வழியை முழுவதும் அடைத்து நின்றது அது. ஓட்டுநர் வெளியூர்க்காரர். சீட்டை நீட்டினார்.

“சொன்ன தேதிக்கு ரெண்டு நாள் முன்னாலயே கொண்டுவந்துட்டோம் சார். எதை ஏத்தப் போறீங்கன்னு இங்க எழுதணும்.”

“ஒண்ணும் இல்லப்பா.”

“ஒண்ணும் இல்லன்னு எழுத முடியாது சார். ஏதாவது எழுதுங்க.”

லாடிஸ் சீட்டை வாங்கினார். ‘குளியல் தொட்டி, ஒன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓட்டுநர் இனிய நாள் வாழ்த்தைச் சொல்லிவிட்டுப் போனார். அல்ஃபோன்ஸ் தெருவோரம் வண்டியை நிறுத்தி, கன்டெய்னரைப் பார்த்தார். அதை உதைக்கப் போனவர் காலைக் கீழே வைத்துவிட்டு, “ஏறுங்க அத்தான்,” என்று மட்டும் சொன்னார்.

மாதாகோவிலில் அடக்கப் பூசை முடிந்தது. சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேரை நியமித்திருந்தார்கள். தூக்குவதில் கணவன் சேரும் வழக்கம் இல்லை. லாடிஸ் கேட்கவில்லை. “ஒரு முனை நான் பிடிப்பேன்,” என்று முன்னால் போய் நின்றுவிட்டார். எமில் கோசிக் வலிக்கும் முழங்காலோடு விலகி இடம்கொடுத்தார். பின்முனையில் நிற்க வேண்டிய இன்னொருவர் அழுகையில் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த இடம் காலியாக இருந்தது.

கடைசி வரிசையில் டெல்பர்ட் சிம்ஸ் நின்றிருந்தார். பணிநாள் என்பதால் சீருடையில்தான் வந்திருந்தார். கக்கத்தில் விதிப்புத்தகம்.

லாடிஸ் திரும்பிப் பார்த்தார். “டெல்பர்ட், வா. மறுமுனையைப் பிடி.”

கோவில் முழுவதும் திரும்பியது. டெல்பர்ட் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். “நானா சார்?”

“நீதான். அன்னைக்கு உனக்குத் தண்ணி கொடுக்கலன்னு அவ என்னைத் திட்டினா.”

டெல்பர்ட் புத்தகத்தை இருக்கையில் வைத்தார். நடந்து வருவதற்குள் அவர் முகம் முழுக்க நனைந்துவிட்டது. கைப்பிடியைப் பற்றினார். ஆறு பேரும் ஒன்றாக எழுப்பினார்கள். லாடிஸின் தோள் பாதி உயரத்துக்கு மேல் எழாததால் எல்லோரும் அந்த உயரத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். கனமாகவே இல்லை. ஒரு சாதாரண மனுஷி, கடைசி மாதங்களில் இன்னும் இளைத்துப்போனவள்.

படிக்கட்டுக்கு வந்தபோது பெட்டி லேசாகச் சரிந்தது.

“சார், இந்தப் பக்கம் சரியா இருக்கா?” என்று பின்னாலிருந்து டெல்பர்டின் குரல் கேட்டது.

“சரியா இருக்கு,” என்றார் லாடிஸ். “விட்டுடாத.”